தங்கத்துக்காகக் கட்டிய வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் துரைசாமியைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஊர் ஒருவனை நல்லவன் என்று சொல்ல வேண்டுமானால் அவன் வீட்டில் யாராவது எதையாவது இழந்திருக்க வேண்டும். அத்தான் வீட்டில் இழந்தவள் அவருடைய ஒரே மகள் தங்கம்.

சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய தகரக் கொட்டகையை ஒட்டினாற்போல எங்கள் வாடகை வீடு. அத்தான், அக்கா சிவகாமசுந்தரி, தங்கம், நான் என்று நான்கு பேர். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பியாயிற்று. தேக்காவில் இருந்த ஒரு தையல் கடைக்கு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டிரைவர்.

ஐம்பத்தெட்டில் ஊரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது தங்கத்துக்கு ஏழு வயது. காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இரண்டு கால்களும் துணி மாதிரி தொங்கின. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் சிலர் திரும்பவே இல்லை. அதனால் அக்கா அழுதாள், அழுதுகொண்டே சாமியையும் கும்பிட்டாள். எமன் வாசல்வரை வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பது அவள் கணக்கு.

அதற்குப் பிறகு தங்கம் எங்கே போனாலும் அத்தான் தோளில்தான். பெருமாள் கோயில், மார்க்கெட், தீபாவளிக் கடைகள் எல்லாம் அவர் தோளிலிருந்துதான் அவள் பார்த்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்பீர்கள். ஆபீஸ் நாற்காலி ஒன்றில் சின்னச் சக்கரங்களைப் பொருத்தி அத்தான் ஒன்று செய்துதான் இருந்தார். வீட்டுக்குள் அது ஓடும். சந்தில் கால் வைத்தால் சேறு, அதைத் தாண்டினால் பெரிய சாக்கடை, அதையும் தாண்டினால் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை முழுக்க ஏறவும் இறங்கவும் படிகள், படிகளில் அரிசி மூட்டைகள். முழுசாக நடக்கிறவர்களுக்கே அங்கே வழி கிடையாது.

அறுபத்தொன்றில் கம்பெனி மேனேஜர் சீமைக்குத் திரும்பினார். அவர் பங்களாப் பின்புறத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலத்து ஸ்டேஷன் வேகன் ஒன்று கொடி படர்ந்து கிடந்தது. முன்பாதி இரும்பு, பின்பாதி மரச் சட்டம். மரத்தைக் கரையான் தின்றிருந்தது. இஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டார் அந்த வெள்ளைக்காரத் துரை. அத்தான் பக்கத்து வீட்டுச் சேக் தாவூதின் உதவியோடு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தினார். தாவூது பாய் ஒரு மளிகை மொத்தக் கடையில் லாரி ஓட்டியவர். சந்தே கூடி நின்று சிரித்தது. "துரைசாமி கோழிக்கூடு வாங்கிட்டு வந்திருக்கான்லா" என்றார்கள். கோழிக்கூடு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

முதலில் அது வெறும் பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பசியாறின கையோடு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். திரும்பும்போது பையில் ஏதாவது இரும்பு இருக்கும். அக்கா இட்லிச் சட்டியைத் தேடினால் அதற்குள் கார்புரேட்டர் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். துண்டெல்லாம் கிரீஸ். "இந்த வீட்டுல நான் ஒருத்தி, அது ஒருத்தி" என்று அக்கா வண்டியைச் சக்களத்தி ஆக்கிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்கு மேலும் கோபம் வரும்.

அறுபத்துமூன்றில் தங்கம் பெரியவளானாள். தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் இல்லாத குறைக்கு நானே ஒரு பட்டுப்பாவாடை தைத்துப் போட்டு, சடங்கை முடித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் வழக்கம்போல அவளைக் கோயிலுக்குத் தூக்கக் குனிந்தார்.

"வேணாங்க," என்றாள் அக்கா. "வயசுக்கு வந்த பொண்ண நடுரோட்டுல தூக்கிட்டுப் போனா பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

அத்தான் மகளைப் பார்த்தார். தங்கம் பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்து மூடிக்கொண்டு, "நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே கொட்டகை. அவ்வளவுதான் அவள் பார்த்த சிங்கப்பூர்.

ஒரு மாதம் போல அத்தான் வண்டிப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் முழக்கோலோடு வந்து, தங்கத்தின் நாற்காலி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். அந்த வண்டியின் பின்கதவு இரண்டு பாதி. மேல்பாதி மேலே தூக்கிக்கொள்ளும். கீழ்ப்பாதி இரண்டு சங்கிலியில் பலகை போலக் கிடையாக விழும். அந்தப் பலகை நாற்காலி உயரத்துக்குச் சரியாக வந்தால், தங்கம் யாரும் தொடாமல் கையை ஊன்றித் தானே நகர்ந்து உள்ளே போய்விடலாம். பாவாடை விலகாது. வண்டியைக் கொட்டகையிலிருந்து எங்கள் வாசலுக்கே பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் சேறும் இல்லை, பார்ப்பவர்களும் இல்லை.

"என்னத் தூக்கவே வேணாமாப்பா?" என்று கேட்டாள் தங்கம்.

"யாரும் தூக்க வேணாம்லா. நீயே ஏறு, நீயே இறங்கு."

அந்தப் பெண் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அது கோழிக்கூடும் இல்லை, பைத்தியமும் இல்லை.

ரோச்சோர் பக்கம் இடித்த கடைவீடு ஒன்றிலிருந்து தேக்குக் கதவுகள் வந்தன. அத்தான் அறுத்துக் கொடுக்க, தங்கம் மடியில் வைத்து உப்புத்தாள் போட்டு இழைத்தாள். வீடு முழுக்க மரத்தூள். சோற்றில் மரத்தூள் கிடந்தால்கூட அக்கா இப்போது வாயைத் திறக்கவில்லை. பலகை நாற்காலியைவிட உயரமாக நின்றது என்று அத்தான், வண்டியின் பின்பக்கம் தாழட்டும் என அதைத் தாங்கும் வில்லுப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். ஏறும்போது பிடித்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி வைத்தார். நான் தென்னை நார் அடைத்து மெத்தை தைத்தேன். தங்கம் தினமும் நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து நாற்காலிக்கும் மாறிப் பழகினாள். முதலில் விழுந்தாள். பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா, தாவூது பாயின் மனைவி, மத்தியானங்களில் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரே ஒரு தடவ" என்று அவளை உசுப்புவாள். அவளுக்கு இழுப்பு நோய். மூச்சு வாங்கிக்கொண்டேதான் உசுப்புவாள். தங்கத்தின் கை, தச்சன் கை போல இறுகிவிட்டது.

அறுபத்துநான்கு ஜூலையில் வண்டி ரெஜிஸ்ட்ரி பரிசோதனையில் தேறி வந்தது. அத்தான் அன்றைக்கே தங்கத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்திருக்கலாம். ஆனால் இரண்டு நாளுக்கு முன்னால் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?" என்றாள் அக்கா. "இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. ஆவணி பொறக்கட்டும். தேங்கா உடைச்சி, எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்துவோம்."

நான் சண்டை போட்டேன். கடலும் காற்றும் ஆடி மாதம் லீவு போட்டுக்கொண்டா போயிருக்கின்றன என்று கேட்டேன். ஆனால் தங்கமே அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். முதல் தடவை போகிறோம், குறையில்லாமல் போவோம் என்று அவளுக்கும் ஆசை. வண்டிக்கு ஒரு வெள்ளைத் துணி போர்த்திக் கொட்டகையில் நிறுத்தினார்கள்.

அந்த வாரமே ஊரில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம். ஊரடங்கு போட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் சம்சுன்னிசாவுக்கு இழுப்பு அதிகமானது. வெளியே கால் வைக்க முடியாத ஊரடங்கில் டாக்டருக்கு ஆள் பிடிப்பதற்குள் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தாவூது பாய் அழுதது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். அக்கா அரிசி வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினாள். ஊரே அங்கேதான் நின்றது. தாவூது பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வெறும் கையோடு திரும்பி வந்து, எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணே, பள்ளிவாசல் வண்டி கேலாங் பக்கம் போயி மாட்டிக்கிச்சு. முதலாளி லாரி கிட்டங்கில பூட்டிக் கெடக்கு. மறுபடி கர்ஃபியூ போடுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும். பிடாடரி கபர்ஸ்தான்வரைக்கும் தோள்ல கொண்டுபோக ஆள் பத்தாது."

அவர் வண்டியைக் கேட்கவில்லை. அது யாருக்காகக் கட்டிய வண்டி என்று அவருக்குத் தெரியும். அதில் பாதி திருகாணிகளை முடுக்கியவர் அவர். கொட்டகைப் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தானுக்குத் தன் பெண்டாட்டியையும் தெரியும், எங்கள் ஆட்களின் வழக்கமும் தெரியும். பிணம் ஏறின வண்டி பிண வண்டி. வீட்டுப் பெண்ணை அதில் ஏற்ற மாட்டார்கள். அவர் மெல்லத் திரும்பிச் சன்னலைப் பார்த்தார். தங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தாள். அவளுக்கும் தன் அம்மாவைத் தெரியும்.

"அப்பா," என்றாள். "மாமியக் கூட்டிட்டுப் போங்க."

பதின்மூன்று வயது. நான் அங்கே நின்றிருந்தேன். வேண்டாம் என்று நானாவது சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் சம்சுன்னிசாவைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். சொல்லத்தான் முடியுமா?

பின்பலகை கிடையாக இறங்கியது. அவளைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி அதன்மேல் உட்கார்ந்து, ஒரு தட்டும் தடங்கலும் இல்லாமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. அவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தார் அத்தான்.

வண்டி போன பிறகுதான் அக்கா வந்தாள். கொட்டகை காலியாக இருந்ததைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அத்தான் திரும்பி வந்து குளிக்கும்வரை காத்திருந்தாள்.

"தாவூது அண்ணனுக்குச் செஞ்சது சரி," என்றாள் பிறகு. "நான் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பலகையில இனிமே எம்பொண்ணு ஏற மாட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல எத்தன பேரு செத்திருப்பாங்க? அதுல உம்பொண்ணு மாசக்கணக்கா படுத்து எழுந்திருக்கலையா?"

"அங்க வேற கட்டில் இல்ல, பாக்கியம். எமன் ஒரு தடவ அவளப் பாத்துட்டு விட்டுட்டுப் போனான். அவன் ஏறி வந்த வண்டியில அவள ஏத்தி, இந்தா இருக்கான்னு நான் மறுபடி காட்ட மாட்டேன்."

மூடத்தனம் என்று சொல்லலாம். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவளுக்குப் பெண்மேல் இருந்தது பயம் மட்டுமே. பாசமெல்லாம் காய்ந்து பயமாகியிருந்தது.

அத்தான் மனம் தளரவில்லை. பின்தரைப் பலகைகளை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். நான் வேறு மெத்தை தைத்தேன். கோயிலிலிருந்து குருக்களை அழைத்து வந்து புண்ணியாகவாசனம் செய்து, பூசணிக்காய் உடைத்தார். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக இளகினாள். கடைசியில் ஆவணி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை என்று அவளே நாள் சொன்னாள். தங்கம் மறுபடி பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் மாறிப் பழக ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் மறுபடியும் கலவரம், மறுபடியும் ஊரடங்கு. எங்கள் சந்துக் கோடியில் துறைமுகக் கூலியாள் ஒருவர், சொந்தபந்தம் இல்லாதவர், இறந்துபோனார். சந்து ஆட்கள் நான்கைந்து பேர் அத்தானிடம் வந்தார்கள். கேட்டது மரியாதையாகத்தான். ஆனால் கேட்ட விதத்தில் ஒரு கொக்கி இருந்தது. தாவூது வீட்டுக்குக் கொடுத்தாயே, நம்ம ஆளுக்கு இல்லையா?

அத்தான் இந்தத் தடவை சன்னலைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான் அதற்கப்புறம். ரோவல் ரோடு, நாரிஸ் ரோடு, பஃபலோ ரோடு என்று எங்கே சாவு விழுந்தாலும் ஆள் வந்து நிற்கும். வண்டி வைக்க வசதி இல்லாதவர்கள், கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். யாரையும் அத்தானால் திருப்பி அனுப்ப முடியவில்லை. கூலி வாங்கவும் அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று அப்போதுதான் இந்தப் பேச்சு பிறந்தது. அப்படிச் சொன்ன அதே ஆட்கள்தான், வண்டியை எங்கள் வீட்டுக்கு எதிரே நிறுத்தாதே, காலையில் முழிக்கிற முழியில் படுகிறது என்றும் சொன்னார்கள். அவர் அதையும் கேட்டுக்கொண்டு கொட்டகைக்குத் தட்டி வைத்து அடைத்தார்.

"வித்துத் தொலைங்க அத்தான்," என்றேன் ஒரு தடவை. "புக்கிட் பாஞ்சாங் பக்கம் கொண்டுபோய் வித்தா யாருக்கு என்ன தெரியப் போவுது?"

"வாங்குறவன் தன் பிள்ளைங்கள ஏத்துவான். அவன்கிட்ட நான் சொல்லணும். சொன்னா வாங்க மாட்டான்," என்றார். பிறகு, "இன்னொண்ணு கட்ட எனக்குத் தெம்பு இல்ல, பாக்கியம்" என்றார்.

தங்கம் என்னோடு தைக்க உட்கார்ந்தாள். என்னைவிட நன்றாகத் தைத்தாள். அவள் ஒரு நாளும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அத்தானை அரித்தது. திட்டியிருந்தால் தேறியிருப்பார். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்து கிணற்றடிக் குழாயில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு அவள் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்காருவார். அவள் தைத்துக்கொண்டே, "யாருப்பா?" என்று கேட்பாள். அவர் சொல்வார். இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். நான்கு வருஷம் அப்படியே போயிற்று. அவளுக்குப் பதினேழு முடிந்தது.

அறுபத்தெட்டில் ஒரு நாள் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்தான் அப்படியே போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. சந்து கொள்ளாத கூட்டம். வாழ்நாளில் அவர் பேசிப் பழகாதவர்கள்கூட வந்து அழுதார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் ஜொகூரிலிருந்து பங்காளி ஒருவர் கொள்ளி வைக்க வந்தார். கம்பெனி பூ ஜோடித்த லாரி ஒன்றை அனுப்பியிருந்தது.

"லாரி வேணாம்," என்றாள் தங்கம். "அப்பா அவர் வண்டியிலயே போகட்டும்."

அதில் யாரும் தப்புச் சொல்லவில்லை. தாவூது பாய் கொட்டகைத் தட்டியைத் திறந்து, வண்டியைப் பின்னாலேயே கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அத்தானை ஏற்றினார்கள். பலகையைத் தூக்கிச் சாத்தப் போன சமயத்தில் தங்கத்தின் நாற்காலி வாசற்படிவரை உருண்டு வந்து, அந்தப் பலகையில் போய் முட்டி நின்றது. அவள் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொம்பளப் பிள்ள சுடுகாட்டுக்கு வரக் கூடாதும்மா," என்றார் பங்காளி.

தங்கம் கையை எடுக்கவில்லை. கூட்டம் அக்காவைப் பார்த்தது. புருஷனை இழந்து சுவரோரம் சாய்ந்து கிடந்த அக்கா எழுந்து வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவள் என்னை விலக்கிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் குனிந்து இரண்டு சக்கரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நகராம புடிச்சிக்கிறேன்," என்றாள். "நீ ஏறு."

தங்கம் ஒரு கையைப் பலகையில் ஊன்றினாள், மறு கையால் கம்பியை இழுத்தாள். பாவாடை விலகவில்லை. யாரும் தொடவில்லை. ஒரே மூச்சில் ஏறி, அப்பா தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஏறினேன். என்னைத் தடுக்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

சிராங்கூன் ரோட்டில் வண்டி திரும்பியது. வளைவில் அத்தான் உடம்பு அசையாமல் இருக்க அவள் ஒரு கையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மறு கையால் சன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் அவள் கண் அப்பாவிடம் இல்லை, வெளியே இருந்தது. பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். கடைகளை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களை, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டு நின்ற பள்ளிக்கூடப் பெண்களைப் பார்த்தாள். ஒன்றையும் விட்டுவிடாமல் பார்த்தாள்.

"சின்னம்மா," என்றாள். "இந்த மாடி வீடெல்லாம் எப்பக் கட்டுனாங்க?"

அதுவரை நான் அழவில்லை. அந்தக் கேள்வியில்தான் எனக்கு உடைந்தது. அவை கட்டி வருஷக்கணக்கு ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமும் இல்லை.

தாவூது பாய் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். உறவுக்காரர்கள் ஏறி வந்த லாரி பின்னால் ஹார்ன் அடித்தது, நேரம் ஆகிறது என்று யாரோ கத்தினார்கள். அவர் மவுண்ட் வெர்னன் சுடுகாடுவரை அப்படியேதான் ஓட்டினார்.